வினிகர் படாத கூடு

பித்தளையைச் சோளக்கட்டைப் பொடியில் மட்டும் போட்டு எடுத்தால் மினுமினுப்பு வரும், சுத்தம் வராது. இரண்டும் வேறு வேறு என்பது பலருக்கு எண்பது வயதாகியும் புரிவதில்லை. எனக்கு இன்னும் எழுபத்தொன்பதுதான்.

அந்தப் பதிவுக் கருவியைக் கொஞ்சம் என் பக்கம் தள்ளி வையுங்கள், அம்மா. எனக்குக் குரல் சிறியது. காபி போதும், நன்றி. ஷெரீஃப் அலுவலகக் காபியைப் பற்றி ஊரில் சொல்வதை இத்தனை நாள் மிகை என்று நினைத்திருந்தேன்.

பெயர் வெண்டல் ராஸ்க். ஸ்டிக்னியில் நாற்பத்தாறு வருடமாகக் குடியிருக்கிறேன். டெல்மர் கோவல் விஷயமாக வந்தேன். ஒன்பது வருடத்துக்கு முன் ஆர்விட் டாஃப்ட்டைச் சுட்டுக் கொன்றதற்காக உள்ளே இருக்கிறானே, அந்த டெல்மர். அவனுக்கு நுரையீரல் போய்விட்டது. வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு விடுதலைக் குழு கூடுகிறது. அவன் மகள் வீட்டுக்குப் போய்ச் சாவானா, சிறையிலேயே சாவானா என்பதை அன்றுதான் முடிவு செய்வார்கள். அதைப் பற்றித்தான் பேச வந்தேன். ஆனால் முதலில் பித்தளையைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் மீதி விளங்காது.

சுட்டு முடித்த தோட்டாவில் மிஞ்சுவது கூடு. குண்டு பறந்துவிடும், மருந்து எரிந்துவிடும், பித்தளைக் கூடு மட்டும் காலடியில் விழும். எங்கள் பக்கத்தில் அதைக் குப்பை என்று நினைப்பவன் கிடையாது. பொறுக்கிச் சுத்தம் செய்து, புது மருந்தும் புதுக் குண்டும் போட்டால் மறுபடி தோட்டா. ஒரு கூடு பத்துத் தடவை பிழைக்கும். நல்ல கையில் இருந்தால் பதினைந்து. நான் ஒன்றை இருபத்திரண்டு தடவை ஓட்டினேன். கடைசியில் அதுவே போதும் என்று வாயைப் பிளந்துகொண்டது.

சுத்தம் செய்வதற்கு ஒரு முறை இருக்கிறது. அடியில், ஊசி குத்துகிற இடத்தில், எரிந்துபோன வெடிமூடி இருக்கும். அதைத் தட்டி எடுக்க வேண்டும். பிறகு சுடுதண்ணீரில் கழுவி உலர்த்த வேண்டும். பிறகு மின்சாரத்தில் அதிரும் குலுக்குச் சட்டி. அதில் வால்நட் ஓட்டை நொறுக்கிய பொடி, கூடவே நகைக்காரர்கள் மெருகுக்குப் போடும் சிவப்புப் பொடி. நான்கு மணி நேரம் ஓடட்டும். அந்தச் சிவப்பு கூட்டுக்குள்ளே ஒட்டிக்கொள்ளும் என்பதால், சோளக்கட்டைப் பொடியில் இன்னும் இரண்டு மணி நேரம். கடைசியில் வெடிமூடி உட்காரும் பள்ளத்தைச் சுரண்டி, அதன் நடுவில் இருக்கும் சின்னத் துளையில் பொடி அடைத்திருக்கிறதா என்று பல்குச்சியால் பார்க்க வேண்டும். முக்கால்வாசிப் பேர் இந்தக் கடைசி வேலையைச் செய்வதில்லை. வெளியே பளபளத்தால் போதும் அவர்களுக்கு.

என் மனைவி எல்னா முப்பத்தொரு வருடம் அந்தச் சட்டியின் சத்தத்தில்தான் மதியத் தூக்கம் போட்டாள். ஒருநாள் அது பழுதாகி நின்றதும் எழுந்து உட்கார்ந்து, "யாரு செத்துட்டா?" என்று கேட்டாள். என் கூடுகளைப் பற்றி ஊரில் சொல்வதெல்லாம் உண்மை என்று நான் வாதாட வரவில்லை. ஒரு மேக்பை குருவி என் கூடு ஒன்றைத் தூக்கிப் போய் மரத்தில் வைத்துக்கொண்டு, அதில் தன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்து அந்த வருடம் அடைகாக்க மறந்துவிட்டது என்பார்கள். அது முகம் பார்த்ததை நான் பார்க்கவில்லை. குளிர்ந்துபோன முட்டைகளைத்தான் பார்த்தேன்.

எங்கள் முன்னாள் படைவீரர் சங்கத்தில் மரியாதைக் குழு ஒன்று இருக்கிறது. படையில் இருந்தவர் இறந்தால் ஏழு பேர் கல்லறையருகே நின்று மூன்று முறை சுடுவோம். குண்டு இல்லாத வெற்றுவெடிதான். பெட்டியின் மேல் போர்த்திய கொடியை முக்கோணமாக மடித்து விதவையின் மடியில் வைப்பார்கள். அன்று உதிர்ந்த கூடுகளில் மூன்றை நான் வீட்டுக்கு எடுத்துப் போய்ச் சுத்தம் செய்து மறுநாள் காலை அவர் கையில் கொண்டுபோய்க் கொடுப்பேன். சுற்றுக்கு ஒன்று. பத்தொன்பது வருடம் செய்தேன். உங்கள் அப்பாவுடைய மூன்றும் நான் தேய்த்தவைதான். உங்கள் அம்மா அவற்றைச் சமையலறைச் சன்னலில், கொடிக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறார். நடுவில் இருப்பதன் விளிம்பில் சிறு கீறல் உண்டு. அது துப்பாக்கியின் குறை, என் குறை இல்லை.

ஆர்விட்தான் குழுவின் தலைவர். நல்ல மனிதர்; அதையும் பதிவில் எழுதிக்கொள்ளுங்கள். என் கிணறு வற்றிய வருடம், நான் கேட்காமலேயே தண்ணீர் வண்டி அனுப்பியவர்.

ஒன்பது வருடத்துக்கு முன், அக்டோபரில், பிரெக்கே என்ற பழைய கடற்படைக்காரருக்கு அடக்கம் நடந்தது. மூன்று சுற்றும் சுட்டு முடித்து நான் கூடு பொறுக்கக் குனிந்தேன். நிமிர்ந்து பார்த்தால் ஆர்விட் பிரெக்கேயின் விதவை அம்மாளின் கையில் ஒரு சின்னப் பெட்டியைக் கொடுத்துக்கொண்டிருந்தார். உள்ளே மூன்று கூடு, மினுமினுவென்று.

பிறகு சங்கக் கூடத்தில், கேக் வெட்டிக்கொண்டிருக்கும்போது, என்னைக் கூப்பிட்டார்.

"வெண்டல், இனிமே நீ கஷ்டப்பட வேணாம்யா. கேட்டலாக்குல பொட்டியோடவே வருது. உள்ள வெல்வெட்டு. மூடியில கழுகுகூடப் போட்டிருக்கான்."

"அது சுட்ட கூடா?"

"சுட்டதோ சுடாததோ, யாருக்குய்யா தெரியப்போவுது? அந்தம்மா என்ன கண்காட்சியா வெக்கப்போறாங்க? அங்கயே கையில குடுத்துட்டா வேலை முடிஞ்சுது. உன் பல்குச்சிக்கும் கொஞ்சம் லீவு குடு."

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், கேக் நன்றாக இருந்தது. மிச்சமிருந்த பெட்டி ஒன்றைத் திறந்து கூட்டைத் திருப்பி அடியைப் பார்த்தேன். வெடிமூடியில் ஊசி குத்திய பள்ளம் இல்லை. எந்தத் துப்பாக்கிக்குள்ளும் போகாத கூடு. யாருக்காகவும் சத்தம் போடாத கூடு. அதை அந்த அம்மாள் அடக்கம் முடியும்வரை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றிருந்தார்.

விதவையின் கையில் பொய்யைக் கொடுக்கிற ஒருவரை என்ன செய்யலாம் என்று மூன்று வாரம் யோசித்தேன். நான் அவசரப்பட்டதாக யாரும் சொல்ல முடியாது. இரண்டு முறை அவரிடம் பேசியும் பார்த்தேன். இரண்டாவது முறை அவர் என் தோளில் கை வைத்தார்.

"எல்னா போனதுலேருந்து உனக்கு இந்த ஒரு வேலைதான் இருக்குன்னு எனக்குத் தெரியும் வெண்டல். அதுக்குன்னு இதப் போயி இவ்ளோ பெரிசு பண்ணாத."

அது சம்பந்தமில்லாத பேச்சு. பேச்சுவார்த்தையில் பலன் இல்லை என்று அப்போதுதான் தெரிந்தது.

இனி டெல்மர். என் வீட்டுக்கும் அவன் வீட்டுக்கும் நடுவில் ஒரு வேலி, அதில் ஒரு ஓட்டை, அந்த ஓட்டை வழியாகத் தினமும் காலை அவன் என் காபிக்கு வருவான். இந்த மாவட்டத்திலேயே அழுக்கான துப்பாக்கிக்காரன். அவன் கூடுகள் வாணலியின் அடிப்பக்கம் மாதிரி இருக்கும். கால்சட்டையில் ஒரு தேய்ப்பு, உடனே உள்ளே மருந்து. நான் சொல்லிப் பார்த்தேன்.

"ஏன்டா வெண்டல், மான் செத்துட்டு எழுந்து வந்து கூட்டத் திருப்பிப் பாக்கப்போவுதா?" என்பான்.

அவனும் மரியாதைக் குழுவில் இருந்தவன்தான். ஒரு அடக்கத்தில் அவன் துப்பாக்கி அழுக்கில் சிக்கிக்கொண்டது. போதகர் இறந்தவரைச் சமாதானத்தில் இளைப்பாறச் சொல்லி முடித்ததும், டெல்மர் தன் துப்பாக்கியைப் பார்த்து வேறொன்று சொன்னதும் ஒரே நேரத்தில் நடந்தன. போதகரைவிட டெல்மருக்குக் குரல் பெரியது. ஆர்விட் அன்றே அவனைக் குழுவிலிருந்து எடுத்துவிட்டார். அன்று மாலை பியர் குடித்துக்கொண்டே டெல்மர், "ஆர்விட்டு, ஒன்ன ஒருநாள் எவனாச்சும் மான்னு நெனச்சுப் போடப்போறான் பாரு" என்றான். வேடிக்கையாகத்தான் சொன்னான். இருபது பேர் கேட்டார்கள். நானும் கேட்டேன்.

நவம்பர் மாதம், மான் சுடும் பருவத்தின் இரண்டாவது சனிக்கிழமை. விடிந்தும் விடியாததுமாக நாலு பக்கமும் வெடிச்சத்தம். ஒரு சத்தம் கூடினால் யாரும் கவனிக்கமாட்டார்கள். டெல்மரின் வண்டியில் இருக்கைக்குப் பின்னால் துப்பாக்கி தொங்கும். கதவைப் பூட்டமாட்டான். இங்கே யார் பூட்டுகிறார்கள்?

என் துப்பாக்கியை ஏன் எடுக்கவில்லை என்று கேட்பீர்கள். முந்தின நாள்தான் அதைத் துடைத்து எண்ணெய் போட்டு வைத்திருந்தேன். மறுபடி அழுக்காக்க மனம் வரவில்லை. டெல்மருடையது எப்படியும் அழுக்கு. அவ்வளவுதான் காரணம். கையுறை போட்டிருந்தேன், குளிர்.

அவனுடைய தோட்டாக்களை நம்ப முடியாது என்பதால் ஒன்றை நானே தயார் செய்து எடுத்துப் போனேன். கூடு மட்டும் அவன் துப்பாக்கி எப்போதோ உதிர்த்தது. சுடுகளத்தில் பொதுவாளி ஒன்று உண்டு. தனக்கு வேண்டாத கூடுகளை எல்லாரும் அதில் போடுவார்கள். அன்று அதுதான் மேலாகக் கிடந்தது. கரி பிடித்துப்போய் இருந்தது. அப்படியே மருந்து போட்டிருந்தால் டெல்மரின் மற்ற கூடுகளோடு கூடாக அதுவும் இருந்திருக்கும், யாரும் எதுவும் கேட்டிருக்கமாட்டார்கள். ஆனால் அழுக்குக் கூட்டில் மருந்து போட என் கை வராது. கழுவினேன், சட்டியில் ஓட்டினேன், பள்ளத்தைச் சுரண்டினேன், துளையைப் பார்த்தேன். ஒரே ஒரு தடவைதானே, அதுவும் இந்த வேலைக்குத்தானே என்று நினைக்கத் தோன்றவில்லை. சோளக்கட்டைப் பொடியில் மட்டும் ஒரு மணி நேரம் குறைத்துவிட்டேன்; சங்கத்தில் அன்று மீன் விருந்து. அதனால் உள்ளே கொஞ்சம் சிவப்பு நின்றுவிட்டது. அதற்கு நான் வெட்கப்படுகிறேன்.

ஆர்விட் தன் மேற்கு வேலியில் முள்கம்பி முறுக்கிக்கொண்டிருந்தார். ஆரஞ்சு நிற உடுப்பு போட்டிருந்தார். யாரும் தவறிப்போய்ச் சுட்டுவிடக் கூடாது என்பதற்காகப் பருவத்தில் அதைப் போடச் சொல்கிறார்கள். நல்ல ஏற்பாடு. எனக்கு எந்தத் தவறும் நேரவில்லை. நூற்றிருபது அடி. அவர் திரும்பிப் பார்க்கவில்லை. வலித்திருக்காது என்றுதான் நினைக்கிறேன். கிட்டே போய்ப் பார்க்கவில்லை, எட்டு மணிக்கு டெல்மர் காபிக்கு வந்துவிடுவான்.

துப்பாக்கியின் நெம்புகோலைக் கீழே தள்ளினேன், கூடு தெறித்து விழுந்தது. குனிந்தேன். அறுபது வருடப் பழக்கம், முதுகு தானாகக் குனியும். பிறகு நிமிர்ந்துவிட்டேன். என் ஆயுளில் தரையில் பார்த்துவிட்டுப் பொறுக்காமல் வந்த ஒரே கூடு அதுதான். ஏன் விட்டேன் என்று யோசித்திருக்கிறேன். எங்களிடம் ஒரு வழக்கம்: ஒருவன் துப்பாக்கி உதிர்த்த கூடு அவனுடையது. அவனாக வாளியில் போட்டால் ஒழிய, கேட்காமல் இன்னொருவன் தொடக் கூடாது. அது டெல்மரின் துப்பாக்கி உதிர்த்தது. அதை நான் எடுப்பது முறையாக இருந்திருக்காது.

துப்பாக்கியை இருந்த இடத்திலேயே மாட்டிவிட்டு வந்து காபி போட்டேன். டெல்மர் செருப்பை இழுத்துக்கொண்டு வேலி ஓட்டை வழியாக வந்தான்.

"காலையிலயே மேக்கால எவனோ ஒரே வெடியில முடிச்சுட்டான் கேட்டியா? நானா இருந்தா பொட்டியே காலியாயிருக்கும்."

"உன் கூடு அழுக்கு" என்றேன்.

"ஆரம்பிச்சுட்டான்டா" என்று சொல்லிச் சர்க்கரையை எடுத்தான்.

மறுநாள் அவனைக் கொண்டுபோனார்கள். குண்டு அவன் துப்பாக்கியிலிருந்து போனது. கூடு அவன் துப்பாக்கி உதிர்த்தது. ஆர்விட்டை ஒருநாள் சுடப்போகிறார்கள் என்று அவன் சொன்னதை இருபது பேர் கேட்டிருந்தார்கள். அந்தக் காலையில் அவன் தூங்கிக்கொண்டிருந்ததற்கு அவன் தலையணைதான் சாட்சி.

புதன்கிழமை ஆர்விட்டின் அடக்கம். ஏழு பேர் வேண்டும்; ஆர்விட் பெட்டியில் இருந்தார், ஆள் குறைந்தது. நான் நின்றேன். மூன்று சுற்றும் சுட்டேன். மூன்று கூட்டை எடுத்துப்போய் ஆறு மணி நேரமும் முழுதாக ஓட்டினேன். இந்தத் தடவை ஒரு நிமிடமும் குறைக்கவில்லை. மறுநாள் காலை ஆர்விட்டின் மனைவி சீக்ரிட் அம்மாளிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். உண்மையாகவே அவர் கணவருக்காகச் சுட்ட கூடுகள். ஆர்விட் இருந்திருந்தால் வெல்வெட் பெட்டியைத்தான் நீட்டியிருப்பார். அதை நினைத்தபோது, நடந்ததில் ஒரு நியாயம் இருப்பதாகவே எனக்குப் பட்டது.

அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார்.

"வெண்டல் தேய்ச்சா புதுசே தோத்துப்போவும்னு சொல்லிக்கிட்டே இருப்பாருங்க. உங்க கை நடுங்க ஆரம்பிச்சிருச்சுன்னு அவருக்கு ஒரே கவலை. நேரா சொன்னா மனசு நொந்துபோவீங்கன்னுதான் கேட்டலாக்கு அது இதுன்னு சாக்குச் சொல்லி ஆர்டர் பண்ணாரு."

என் கை நடுங்கவில்லை. நூற்றிருபது அடியில் அது தெளிவாகியிருந்தது. ஆனால் அதை அவரிடம் சொல்ல அது இடம் இல்லை. இன்னொரு கோப்பை காபி கொடுத்தார். குடித்துவிட்டு வந்தேன்.

வழக்கு நடந்தபோது அந்த ஒரு கூடுதான் இடைஞ்சலாக இருந்தது. டெல்மரின் வக்கீல், அவன் வீட்டில் எடுத்த முந்நூறு கூடுகளையும் மேசையில் கொட்டிக் காட்டினார். எல்லாம் கருப்பு. "என் கட்சிக்காரர் வாழ்க்கையில் ஒரு கூட்டையும் சுத்தம் செய்தவர் இல்லை, அப்படியிருக்க இது மட்டும் எப்படி?" என்றார். நல்ல கேள்வி. யாரைக் கேட்டால் தெரியும் என்று பார்த்து, அரசு வக்கீல் என்னைச் சாட்சிக்கு அழைத்தார். மூடி ஒட்டிய பிளாஸ்டிக் பையில் அதைத் தூக்கிக் காட்டினார்.

"சுத்தமா செஞ்சிருக்கா, மிஸ்டர் ராஸ்க்?"

"ரொம்பச் சுத்தமா."

"திட்டம் போட்டுச் செய்யிற ஒரு ஆள், கைரேகை அழியணும்னு மெனக்கெட்டா, இப்படிச் செய்ய முடியுமா? டெல்மர் கோவல் மாதிரி ஒரு ஆளுகூட?"

"முயற்சி பண்ணா யாரு வேணும்னாலும் செய்யலாம்" என்றேன்.

சத்தியம் செய்துவிட்டுச் சொன்ன பொய் அது ஒன்றுதான். அன்று இரவுச் சாப்பாடு இறங்கவில்லை. யார் வேண்டுமானாலும் செய்ய முடியாது, அம்மா. உள்ளே இருந்த சிவப்பைக் கண்டுபிடித்த ஆய்வகக்காரர்கள், டெல்மர் வீட்டுச் சாலையில் கிடக்கும் செங்கல் நிறப் புழுதி என்று எழுதி வைத்தார்கள். மறுபடி எடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். அது நகைக்காரர் பொடி. என் சட்டிக்குப் பக்கத்தில், இடதுபக்க அலமாரியில், அதே டப்பா இருக்கிறது. சாவி இதோ.

சிறைக்கு ஆறு மணி நேரம் வண்டி ஓட்ட வேண்டும். மாதத்தின் முதல் ஞாயிறு தவறாமல் போனேன், ஒன்பது வருடம். சங்கத்திலிருந்து வேறு ஒருவரும் போகவில்லை. அவன் மகளும் நானும்தான்.

"ஊருல நீ ஒருத்தன்தான்டா என்னை நம்பற" என்பான் டெல்மர்.

ஆமாம் என்பேன். அதில் பொய் இல்லை. அவன் செய்யவில்லை என்பதில் எனக்கு ஒருநாளும் சந்தேகம் வந்ததில்லை.

இந்த ஞாயிறும் போனேன். மூக்கில் குழாய் வைத்து, சக்கரம் வைத்த ஆக்சிஜன் உருளையை இழுத்துக்கொண்டு வந்தான். முகம் மலர்ந்திருந்தது.

"கையெழுத்துப் போட்டுட்டேன்டா."

"எதுல?"

"நான்தான் சுட்டேன்னு. ஒம்போது வருசமா செய்யல செய்யலன்னு கத்துனேன், ஒரு நாயும் காது குடுக்கல. செஞ்சேன், வருத்தப்படறேன்னு எழுதிக் குடுத்தா, ஒடம்பு இருக்கற இருப்புக்கு வீட்டுக்கு வுட்டுருவாங்கன்னு வக்கீலம்மா சொல்லுச்சு. சரின்னுட்டேன். என் பொண்ணு சன்னலோரமா கட்டில்கூடப் போட்டு வெச்சிட்டா."

"நல்லது" என்றேன். மனதாரத்தான் சொன்னேன்.

"இன்னொரு கூத்தக் கேளு. அந்தக் கூட்ட எப்படிய்யா அவ்ளோ சுத்தம் பண்ணேன்னு கேட்டாங்க. எனக்கு என்ன எழவு தெரியும்? வினிகரும் பாத்திரம் தேய்க்கிற சோப்பும் ஊத்தி, ஊறுகா பாட்டில்ல போட்டுக் குலுக்குனேன்னு அடிச்சு வுட்டேன். அப்படியே எழுதிக்கிட்டாங்க." சிரித்தான், இருமினான், மறுபடி சிரித்தான். "ஒனக்கே தெரியாத வித்தை, பாத்தியா!"

"வினிகர்ல ஊறப்போட்டா பித்தளை செவந்துபோவும்" என்றேன். "துத்தநாகம் வெளியே வந்துரும். அந்தக் கூடு மஞ்சளா இருந்துச்சு."

"சரிடா. இருந்துட்டுப் போவுது."

"பள்ளத்தச் சுரண்டியிருந்துச்சு. அடியில இருக்கற தொளைகூட அவ்ளோ சுத்தம். பாட்டில்ல குலுக்குனா அது வராது."

டெல்மர் சிரிப்பதை நிறுத்தினான்.

"கோர்ட்டுல பையில போட்டுல்ல காட்டுனாங்க" என்றான். "வெடிமூடி மூடியிருந்துச்சே. உள்ள இருக்கற தொளைய நீ எப்படாப் பாத்த?"

அவன் என்னை வெகுநேரம் பார்த்தான். கத்துவான் என்று எதிர்பார்த்தேன். கத்துவதற்கு அவனிடம் மூச்சு இல்லை. பிறகு என் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டான்.

"வெண்டல், நான் ஏன்னு கேக்கல. கேட்டு என்ன ஆவப்போவுது? ஒண்ணே ஒண்ணு. வியாழக்கிழம வரைக்கும் வாயத் தொறக்காத."

"டெல்மர்..."

"இரு. நீ இப்பப் போயி உண்மையச் சொன்னீன்னு வெச்சுக்க, நான் குடுத்த காயிதம் பொய்யின்னு ஆயிரும். விடுதலைக் குழு கைய விரிச்சிரும். மறுபடி வக்கீலு, மறுபடி கோர்ட்டு, மறுபடி ஆய்வகம். ஒரு வருசம் ஆவும். டாக்டரு எனக்கு ஆறு வாரம்தான்டா குடுத்திருக்காரு. நிரபராதின்னு எழுதி என் பெட்டி மேல ஒட்டவா? எனக்கு அந்தச் சன்னல் போதும். வெள்ளிக்கிழம நீ எங்க வேணா போ, யாருகிட்ட வேணா சொல்லு. நாலே நாலு நாளு. ஒம்போது வருசம் இருந்தியே, இன்னும் நாலு நாளு."

சரி என்று சொன்னேனா என்று நினைவில்லை. தலையை ஆட்டியிருப்பேன்.

நேற்று முழுதும் பொறுத்துத்தான் பார்த்தேன். பணிமேசையில் உட்கார்ந்தால் வேலை ஓடவில்லை. அந்தக் காகிதம் கண்ணுக்குள் நின்றது. வினிகர். பாத்திரம் தேய்க்கும் சோப்பு. ஊறுகாய் பாட்டில். அரசாங்க முத்திரையோடு கோப்பில் ஏறிவிடும். நாளைக்கு யாராவது ஒரு இளைஞர் அதை எடுத்துப் படித்து, அந்தக் கூட்டை அப்படித்தான் தேய்த்தார்கள் என்று நம்புவார். அதைத் தேய்த்தது நான், அம்மா. கூட்டைத் தேய்த்ததும், மருந்து போட்டதும், ஆர்விட் டாஃப்ட்டைச் சுட்டதும் நான். வேறு யாரும் இல்லை. தெளிவாகப் பதிவாகியிருக்கிறதா?

தொலைபேசியை எடுத்துவிட்டீர்கள். விடுதலைக் குழுவுக்குத்தானே? சரியானதைத்தான் செய்கிறீர்கள், அந்தக் காகிதம் அப்படியே வியாழக்கிழமைக்குப் போகக் கூடாது. ஆனால் உங்கள் முகம் ஒன்று கேட்கிறது. இன்னும் இரண்டே நாள் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கக் கூடாதா என்று கேட்கிறது. டெல்மர் என் நண்பன். அவனுக்காக நான் எதையும் செய்வேன். ஆனால் ஒரு பொய் பதிவில் ஏறுவதைத் தெரிந்தே பார்த்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருக்கச் சொன்னால், அது மட்டும் என்னால் முடியாது. நான் அப்படிப்பட்ட ஆள் இல்லை.